பார்வையற்ற, காது கேளாத குழந்தைகளின் தொடக்கக் கல்விச் சட்டம், 1893

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பார்வையற்ற, காது கேளாத குழந்தைகளின் கல்வியை அரசின் கடமையாக்கிய முதல் சட்டம். ஸ்காட்லாந்துக்கு இதேபோன்ற சட்டம் 1890இலேயே வந்துவிட்டது.

அதுவரை இக்குழந்தைகளின் படிப்பு பெரும்பாலும் தர்ம ஸ்தாபனங்களை நம்பியே இருந்தது. லிவர்பூலில் 1791இல் பார்வையற்றோர் பள்ளியும், லண்டனில் 1792இல் காது கேளாதோர் பள்ளியும் தொடங்கப்பட்டன. லண்டன் பள்ளியில் சேர நன்கொடையாளர்களின் வாக்கு வேண்டியிருந்தது. போதிய வாக்கு கிடைக்காத குழந்தை அடுத்த தேர்தல் வரை காத்திருந்தது. எல்லாக் குழந்தைகளுக்குமான 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் இவர்களுக்கென்று எதுவும் செய்யவில்லை. எகர்ட்டன் பிரபு தலைமையிலான அரச ஆணையம் 1889இல் அளித்த அறிக்கையே நிலைமையை மாற்றியது.

சட்டத்தின் வலிமை அதன் வரையறையில் இருக்கிறது. சாதாரணப் பள்ளிப் புத்தகத்தைப் படிக்க முடியாத அளவு பார்வை குன்றிய குழந்தை பார்வையற்றது. கேட்கும் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் கற்க முடியாத அளவு செவி மந்தமான குழந்தை காது கேளாதது. மருத்துவ அளவுகோலை விட்டுவிட்டு வகுப்பறையை அளவுகோலாகக் கொண்டது அக்காலத்துக்குப் பெரிய தெளிவு. குறைபாட்டைக் காட்டிப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளவும் இனி முடியாது. பார்வையற்றோருக்கு 5 முதல் 16 வயது வரையும், காது கேளாதோருக்கு 7 முதல் 16 வரையும் படிப்பு கட்டாயமாயிற்று. ஏழையர் விடுதிகளில் இருந்த குழந்தைகளையும் மனவளர்ச்சி குன்றியோரையும் சட்டம் வெளியே நிறுத்தியது.

காது கேளாதோருக்கு ஏழு வயது வரை விலக்கு அளித்தது பெருந்தவறு. மொழி வேரூன்றும் வயது அதுதான். 1937ஆம் ஆண்டுச் சட்டமே இதை ஐந்தாகக் குறைத்தது. கற்பிக்கும் முறையிலும் இடர் இருந்தது. சைகையைவிடப் பேச்சே மேல் என்று 1880இல் காது கேளாதோர் கல்விக்கான மிலான் மாநாடு தீர்மானித்திருந்தது. ஆணையமும் வாய்மொழி முறைக்கே முன்னுரிமை தந்தது. பல பள்ளிகளில் பிள்ளைகள் கையை அடக்கிக்கொண்டு ஆசிரியரின் உதட்டையே பார்த்துக் கற்க வேண்டியதாயிற்று. 'படம்' என்றாலும் 'மடம்' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். அதை மட்டுமே நம்பிப் பாடம் கேட்பது எவ்வளவு கடினம் என்பதைச் சட்டம் இயற்றியோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிரிட்டிஷ் சைகை மொழியை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றின் மொழியாக ஏற்கும் சட்டம் 2022இல்தான் நிறைவேறியது.