கறியும் மிளகாயும்

மிளகாயிடாத குழம்பும் குழம்பாகுமோ என நம் இல்லத்து முதியோர் வினவுவதுண்டு. அதனைத் தொன்மைப் பொருளெனவே அவர்கள் கருதுகின்றனர். ஆயின், மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்; 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்நாடு புகுந்தது. சங்க நூல்களிற் காரத்திற்குரியது மிளகே. அதன் பெயர் கறி. யவனர் முசிறிக்குப் பொன்னொடு வந்து கறியொடு மீண்டதை அகநானூறு (149) கூறும். பெரும்பாணாற்றுப்படையோ நம்மை அடுக்களைக்கே அழைத்துச் செல்கின்றது. மாதுளையின் பசுங்காய்ப் பிளவுகளைப் பசு வெண்ணெயில் வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையும் கலந்து, மாவடு ஊறுகாயுடன் அந்தணர் மனையில் விருந்தினர்க்கு இடுகின்றனர் (இன்றும் சமைத்துப் பார்க்கத் தக்கதே). மிளகிட்ட உணவின் பெயராகிப் பின்னர்க் காய்க்கும் ஊனுக்கும் கறி என்னும் சொல் பரந்தது என்பது நம் கருத்து. கறித்தல் என்னும் வினையோடு இயைப்பாரும் உளர். புதிதாய் வந்த காய்க்கோ மிளகின் பெயரையே சூட்டினர்.

திவசச் சமையலில் மிளகாயை விலக்கி மிளகிடுதல் பல இல்லங்களில் இன்றும் வழக்கம். பழங்கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றிலும் அஃதே. இதனை வெறும் ஆசாரம் எனத் தள்ளுதல் பொருந்தாது. மிளகாய்க்கு முற்பட்ட அடுக்களையின் நினைவே ஆசாரமாக உறைந்துள்ளது என்போம். மகப்பேற்று மகளிர்க்கு இடும் மிளகுக் குழம்பையும் இதனோடு வைத்து ஆராய்தல் வேண்டும். அதன் செய்முறை உரைக்கும் மூதாட்டியர் இருக்கும்போதே ஊர்தோறும் அதனைத் தொகுத்தல் இளம் ஆய்வாளர் கடன்.