சதுரங்க நிரல்களும் ராஜாவின் பாதுகாப்பும்

சதுரங்கத்தில் ராஜா தன் இடத்தில் எவ்வளவு பத்திரமாக இருக்கிறார் என்பதை எடைபோடுவதே ராஜாவின் பாதுகாப்பு எனப்படுகிறது. ஒரு காய் கூடுதலாக இருந்தும் ராஜாவைக் காக்கத் தவறினால் ஆட்டம் போய்விடும். கணினி நிரல்கள் நீண்ட காலம் தடுமாறிய இடங்களுள் இது முக்கியமானது. மனித ஆட்டக்காரர்கள் அந்தப் பலவீனத்தைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியதும், பின்னர் நிரல்கள் அதைக் கடந்ததும் சதுரங்க வரலாற்றின் சுவையான பகுதிகள்.

எண்ணி மதிப்பிடும் முறை

அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் 1950இல் வெளியிட்ட கட்டுரை கணினிச் சதுரங்கத்துக்கு அடித்தளம் இட்டது. அதில் ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 என மதிப்பெண்கள் தரப்பட்டன. ராஜாவை இழந்தால் ஆட்டமே முடிந்துவிடும் என்பதால் அவருக்கு 200.

காய்களை எண்ணுவது எளிது. ஆபத்தை எண்ணுவது கடினம். எதிரியின் குதிரை ஒன்று மட்டும் ராஜாவின் அருகே வந்தால் பெரிய பயமில்லை. அதனுடன் ராணியும் யானையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகிறது. வெறும் கூட்டல் கணக்கு இந்தப் பெருக்கத்தைக் காட்டாது. பழைய நிரல்கள் கையில் கிடைத்த சிப்பாயின் மதிப்பை உடனே உணர்ந்தன. ராஜாவின் முன் திறந்த வழியின் விலையைக் குறைத்தே மதிப்பிட்டன.

அடிவான விளைவு

இரண்டாவது குறை, பார்வையின் எல்லை. நிரல் குறிப்பிட்ட ஆழம் வரை நகர்த்தல்களைக் கணக்கிட்டு அங்கே நின்றுவிடும். அதற்கு அப்பால் வருவது அதற்குத் தெரியாது. இதற்கு ‘அடிவான விளைவு’ என்று 1973இல் பெயரிட்டவர் ஹான்ஸ் பெர்லினர். அவர் கணினி அறிஞர். அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் உலக வாம்பியனாகவும் இருந்தவர்.

மேட்டூர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். அணையின் முழு மட்டம் 120 அடி. இன்று 90 அடி என்று அளவைப் படித்துவிட்டு, இன்னும் இடம் இருக்கிறது என ஒருவர் நிம்மதியாக இருக்கலாம். குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை பிலிகுண்டுலு, ஒகேனக்கல் வழியாக இங்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும். அணை மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு வரும் வெள்ளம் தெரியாது. பழைய நிரலின் நிலையும் இதுவே.

ஆனந்தும் ரெபல் நிரலும்

1998இல் விசுவநாதன் ஆனந்த், நெதர்லாந்தின் எட் ஷ்ரோடர் உருவாக்கிய ரெபல் 10 நிரலுடன் எட்டு ஆட்டங்கள் ஆடினார். மொத்தத்தில் ரெபல் 5–3 என்று வென்றது. ஆனால் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். நான்கு மின்னல்வேக ஆட்டங்களில் ரெபல் 3–1. தலா 15 நிமிட ஆட்டங்கள் இரண்டில் ரெபல் 1½–½. முழு நேர ஆட்டங்கள் இரண்டில் ஆனந்த் 1½–½. நேரம் குறைந்தால் நிரலின் கணக்கு வென்றது; யோசிக்க நேரம் கிடைத்தபோது மனிதரின் தொலைநோக்கு வென்றது.

டார்ட்மண்ட், 2000

ஜெர்மனியின் டார்ட்மண்ட் போட்டியில் 2000ஆம் ஆண்டு ஜூனியர் என்ற நிரலும் ஒரு போட்டியாளராக அமர்ந்தது. இஸ்ரேலின் அமிர் பானும் ஷாய் புஷின்ஸ்கியும் அதை உருவாக்கியவர்கள். ஆனந்தும் கிராம்னிக்கும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட அந்தப் போட்டியில், ஜூனியர் 9 ஆட்டங்களில் 4½ புள்ளி பெற்றது.

கிராம்னிக் அதற்கு எதிராகக் ‘கற்சுவர்’ என்று பொருள்படும் ஸ்டோன்வால் அமைப்பைத் தேர்ந்தார். நடுப்பகுதியைச் சிப்பாய்களால் அடைத்துவிட்டு, ராஜா இருக்கும் பக்கம் நிதானமாகப் படையைத் திரட்டினார். நடுவில் வெட்டுக்கொத்து இல்லாததால் நிரலுக்குக் கணக்கிட எதுவும் பெரிதாகக் கிடைக்கவில்லை. ஆபத்தை அது உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது.

இணைய ஆட்டங்களில் தூண்டில்

இணையத் தளங்களில் நிரல்களோடு ஆடியவர்கள் வேறொரு வழியையும் பயன்படுத்தினர். வெள்ளை நிரல் ராஜா பக்கம் கோட்டை கட்டியதும், கறுப்பு ஆட்டக்காரர் எச்5 சிப்பாயின் துணையோடு குதிரையை ஜி4 கட்டத்தில் நிறுத்துவார். நிரல் அதை எச்3 சிப்பாயால் வெட்டும். கணக்கில் மூன்று மதிப்பெண் லாபம். கறுப்புச் சிப்பாய் திருப்பி வெட்டியதும் எச் நெடுவரிசை திறக்கிறது. எச்8இல் காத்திருந்த யானைக்கு நேர்வழி கிடைக்கிறது. ராணியும் வந்து சேர்ந்தால் ராஜா தப்புவது கடினம்.

நிரல்கள் எப்போதும் தவறின என்று எண்ணக் கூடாது. 1996 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் நடந்த முதல் ஆட்டத்தில் காஸ்பரோவ் டீப் புளூவின் ராஜாவைத் தாக்கினார். மனிதர் அஞ்சும் நிலையில் அந்த இயந்திரம் சிப்பாய்களை வெட்டியபடி வென்றது. தாக்குதல் பலிக்காது என்பதைக் கணக்கிட முடிந்த தூரத்தில் அது சரியாகவே இருந்தது.

குறை தீர்ந்த விதம்

முதலில் நிரலாளர்கள் ராஜாவைச் சூழ்ந்த கட்டங்களைத் தாக்கும் காய்களுக்குத் தனி மதிப்பெண் தந்தனர். தாக்கும் காய்கள் கூடக் கூட மதிப்பெண் வேகமாக ஏறும்படி அட்டவணை அமைத்தனர்.

அடுத்த மாற்றம் தானே கற்கும் முறை. 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஆல்பாசீரோ தன்னோடு தானே ஆடிக் கற்றது. ஸ்டாக்பிஷ் 8 நிரலோடு 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 சமநிலை, தோல்வி இல்லை. காய்களைத் தியாகம் செய்து எதிரி ராஜாவை நெடுநேரம் நெருக்கும் ஆட்டங்கள் அதில் புகழ்பெற்றன. 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்பிஷ் 12, ஜப்பானின் யூ நாசு ஷோகி ஆட்டத்துக்காக வகுத்த நரம்பு வலையை ஏற்றது. அதில் ஒவ்வொரு காயும் ராஜா நிற்கும் கட்டத்தோடு சேர்த்தே பதிவாகிறது. ஒரு காலத்தில் கடைசியாகச் சேர்க்கப்பட்ட ராஜாவின் நிலை இப்போது கணக்கின் தொடக்கமாகிவிட்டது.

இன்றைய மாணவர்களுக்கு

இப்போது தவறு வேறு பக்கம் நிகழ்கிறது. கைப்பேசி 0.00 என்று காட்டினால் ராஜா பத்திரம் என்று மாணவர் நம்பிவிடுகிறார். இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் சமநிலை என்பதே அந்த எண்ணின் பொருள். தப்பிக்க ஒரே ஒரு சரியான நகர்த்தல் இருந்தாலும் எண் மாறாது. நிரல் அதைக் கண்டுபிடித்துவிடும். கடிகாரம் ஓடும்போது பள்ளிப் போட்டியில் ஆடும் மாணவர் கண்டுபிடிப்பாரா என்பதை எண் சொல்லாது.

சென்னையின் குகேஷ் இதற்கு நல்ல சான்று. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தொடக்க ஆண்டுகளில் அவரை நிரல்களை நாடாமல் தாமே சிந்திக்கப் பழக்கினார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 18 வயதில், குகேஷ் உலக வாம்பியன் ஆனார். நிரலிடம் விடை கேட்பதற்கு முன், நம் ராஜாவை நோக்கி எத்தனை காய்கள் வருகின்றன என்று நாமே எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம்.