நந்தனத்திலிருந்து கடல் வரைக்கும்: மதில் காத்ததும் கால் காத்ததும்

நந்தனத்துக்கு ஏன் நந்தனம்னு பேர் வந்ததுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? தேவலோகத்து நந்தவனம் எல்லாம் கிடையாது. தமிழ் வருஷம் அறுபதுல நந்தன வருஷம்னு ஒண்ணு உண்டு. 1952 ஏப்ரல்லேர்ந்து 1953 ஏப்ரல் வரைக்கும் அந்த வருஷம்தான். அப்போ உருவான குடியிருப்புக்கு, முதலமைச்சரா இருந்த ராஜாஜி வருஷத்துப் பேரையே வெச்சுட்டார்னு சொல்வாங்க. 2012ல மறுபடி நந்தன வருஷம் வந்துட்டுப் போச்சு. அதாவது எங்க ஏரியாவுக்கு சஷ்டியப்தபூர்த்தி. யாரும் கொண்டாடின மாதிரி தெரியலை :-)

ஏரியான்னு சொன்னேன் இல்லையா, அந்த வார்த்தைக்குள்ளயே ஒரு ஏரி ஒளிஞ்சிருக்கு பாருங்க. எங்க பக்கத்துக்கு அது அச்சு அசலாப் பொருந்தும். எப்படின்னு சொல்றேன்.

1990 மே மாசம். பத்தாவது முடிச்ச லீவு. நாலு பேர், மூணு சைக்கிள். ஊட்டி, கொடைக்கானல்னு போற வசதி எங்க வீடுகள்ல கிடையாது. கையில இருந்தது ஒரு ஆறு, ஒரு கடல், ஒரு காடு. மூணுமே சைக்கிள் மிதிக்கிற தூரத்துல. அந்த ஒரு மாசம் பூரா இதைத்தான் சுத்தினோம். அப்போ எங்களுக்கு அது வெறும் ஊர்சுத்தல். நாங்க மிதிச்ச ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கதை இருக்குன்னு பின்னாடி படிக்கப் படிக்கத்தான் தெரிஞ்சுது. அந்தக் கதைகளைக் கோத்துப் பார்த்தப்போ ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

ஏரி

கூட வந்தவன் ஒருத்தனோட தாத்தாவுக்கு அப்போ எண்பதை நெருங்குற வயசு. மாம்பலத்துக்காரர். சாயங்காலம் நாங்க திண்ணையில உக்காந்து அரட்டை அடிக்கிறப்ப, "டேய், உங்க பாண்டி பஜார் பக்கமெல்லாம் எங்க காலத்துல தவளை கத்தும்டா"ம்பார். பெரிசு பழம்பெருமை பேசுதுன்னு சிரிச்சுக்குவோம்.

தாத்தா சொன்னது நிஜம். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்துலேர்ந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும், பிறை மாதிரி வளைஞ்சு கிடந்தது ஒரு நீண்ட ஏரி. வெள்ளைக்காரங்க வெச்ச பேரே லாங் டேங்க். படகுப் போட்டி நடத்துற அளவுக்கு அதுல தண்ணி இருந்தது. 1920ல சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. பெருகுற ஜனத்துக்கு வீடு கட்ட இடம் வேணும்னு தேடினப்போ, கண்ணுல பட்டது இந்த ஏரி. 1923 வாக்கில் கரையை உடைச்சுத் தண்ணியை வடிச்சு, மனை போட ஆரம்பிச்சாங்க. அப்படி உருவானதுதான் தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பேர் ஊருக்கு. அப்போ முதலமைச்சரா இருந்த பனகல் அரசரின் பேர் நடுவுல இருக்கிற பூங்காவுக்கு.

வடக்குக் கோடியில மிஞ்சின நுங்கம்பாக்கம் ஏரியும் எழுபதுகள்ல போச்சு. 1976ல திறந்த வள்ளுவர் கோட்டம் நிக்கிறது அந்த ஏரிப் படுகையிலதான். மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு. வியூ எங்கேன்னு கேக்காதீங்க, லேக்கே இல்லை.

ஏரி முழுசாப் போயிடுச்சான்னா, அதுவும் இல்லை. வள்ளுவர் கோட்டம் பக்கத்துல ஆரம்பிச்சு, தி.நகர் வழியா வந்து, எங்க நந்தனத்தைத் தொட்டுக்கிட்டு அடையாத்துல போய் விழுது மாம்பலம் கால்வாய். நாங்க மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டின அந்தச் சாக்கடை, ஏரி இருந்த பள்ளத்துல இன்னமும் தண்ணி தேடிக்கிட்டிருக்கிற வழி. 2021 நவம்பர் மழையில தி.நகர் தெருவெல்லாம் நாள்கணக்கா தண்ணி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? தண்ணி வழி தப்பி வரலை, பழைய வீட்டுக்கு வந்தது.

ஆறு

எங்க ரூட்டு இதுதான். முதல்ல சைதாப்பேட்டைப் பாலம் வரைக்கும் போய் ஆத்தை எட்டிப் பார்க்கிறது. திரும்பி நந்தனம் சிக்னல், சேமியர்ஸ் ரோடு, அடையார் கேட், திரு.வி.க. பாலம், அப்புறம் பெசன்ட் நகர். மொத்தமே பத்து கிலோமீட்டருக்குள்ள.

சைதாப்பேட்டைப் பாலத்துக்கு இப்போ மறைமலை அடிகள் பேர். பழைய பேர் மார்மலாங் பாலம். மாம்பலம்ங்கிறது வெள்ளைக்கார வாயில மார்மலாங் ஆயிடுச்சு. முதல் பாலத்தை 1726ல கட்டினவர் அரசாங்கம் இல்லை, கோஜா பெட்ரூஸ் உஸ்கான்னு ஒரு ஆர்மீனிய வியாபாரி. பரங்கிமலைக்குப் போற ஜனங்க ஆத்துல இறங்கிக் கஷ்டப்படுறாங்கன்னு சொந்தக் காசுல பாலம் கட்டினார், பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கினார், மலைக்குப் படியும் போட்டார். எங்கேயோ காஸ்பியன் கடல் பக்கத்துலேர்ந்து வந்த சமூகத்துக்காரர் போட்ட வழியில இருநூறு வருஷத்துக்கு மேல மெட்ராஸ் நடந்திருக்கு. இப்போ இருக்கிற பாலம் 1966ல வந்தது.

பாலத்துலேர்ந்து திரும்பி வர்றப்ப ஒய்எம்சிஏ மைதானம். 1920ல ஹாரி க்ரோ பக்ங்கிற அமெரிக்கர் ஆரம்பிச்ச உடற்கல்விக் கல்லூரியோட இடம். இன்னைக்குப் புத்தகக் கண்காட்சின்னா நம்ம ஆளுங்க கூடுற இடம். பை நிறையப் புத்தகத்தோட டீ குடிக்கிறப்ப ஒரு நிமிஷம் தெற்கே பாருங்க. ஆறு அந்தப் பக்கம்தான் ஓடுது. பார்த்திருப்பீங்களா? மாட்டீங்க. யாருமே பார்க்கிறதில்லை. இந்த ஆத்தோட கதையே அதுதான்.

1990லயே அடையாறு ஆறா இல்லை. கருப்பா, கெட்டியா, நாத்தமா இருந்தது. படகு கிளப் பக்கம் மட்டும் துடுப்புப் போடுவாங்க (அந்த கிளப் 1867லேர்ந்து இருக்கு). மத்தபடி ஆத்துக்குச் சொந்தக்காரன்னு யாரும் கிடையாது. வேலி இல்லை, மதில் இல்லை, கரையில நடக்குறவங்களும் இல்லை. ரெண்டு பக்கமும் வீடுகள் நெருங்கி வர, ஆறு ஒடுங்கிக்கிட்டே போச்சு.

2015 டிசம்பர் 1 ராத்திரி ஆறு திரும்பி வந்தது. செம்பரம்பாக்கத்துலேர்ந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டாங்கன்னு அரசுக் கணக்கு. நடுவுல மத்த ஏரிங்க நிரம்பி வழிஞ்ச தண்ணியும் சேர்ந்துக்கிச்சு. சைதாப்பேட்டைப் பாலத்துல போக்குவரத்து நின்னுச்சு. கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல் எல்லாம் மூழ்கிச்சு. பழைய ஏரி இருந்திருந்தா வெள்ளமே வந்திருக்காதுன்னு நான் சொல்ல வரலை. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் தாங்காது. ஆனா ஊர்ல ஒரு ஆறு இருக்குங்கிறதே லட்சக்கணக்கான பேருக்கு அன்னைக்கு ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

மதில்

திரு.வி.க. பாலம் தாண்டினதும் இடது கைப்பக்கம் தியசாஃபிகல் சொசைட்டி. 1875ல நியூயார்க்ல ஆரம்பிச்ச சங்கம், 1882ல அடையாறு ஆத்தங்கரையில ஹடில்ஸ்டன் கார்டன்ஸ்ங்கிற பங்களாத் தோட்டத்தை வாங்கிக்கிட்டு இங்க வந்தது. கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து இன்னைக்கு 250 ஏக்கருக்கு மேல. உள்ள போனா நாலஞ்சு டிகிரி வெயில் குறைஞ்ச மாதிரி இருக்கும். அந்தப் பெரிய ஆலமரத்தோட தாய்மரம் 1989 புயல்காத்துல சாஞ்சுபோச்சு. நாங்க போனப்ப பார்த்தது விழுதுகளை மட்டும்தான். ருக்மிணி தேவி 1936ல கலாக்ஷேத்ராவை ஆரம்பிச்சதும், மரியா மாண்டிசோரி இரண்டாம் உலகப்போர் சமயத்துல வந்து தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் இந்த வளாகத்துலதான். 1909ல இதே ஆத்துமுகத்துக் கடற்கரையில தம்பியோட விளையாடிக்கிட்டிருந்த பதினாலு வயசுப் பையன் ஒருத்தன் லெட்பீட்டர் கண்ணுல பட்டான். அவன்தான் ஜே.கிருஷ்ணமூர்த்தி. நாங்களும் கிட்டத்தட்ட அதே வயசுல அதே மணல்லதான் உருண்டோம், எங்களை ஒருத்தரும் உலக குருன்னு சொல்லலை. வீட்டுல வேற பேர்தான் கிடைச்சுது.

கிண்டிக் காடும் இதே கதைதான். வெள்ளைக்கார கவர்னருக்கு ஓய்வு பங்களா, அதைச் சுத்தி வேட்டைக்காடு. அதனால வேலி வந்தது, அதனால காடு பிழைச்சது. அதுலயும் ஒரு பெரிய துண்டு 1959ல ஐஐடிக்குப் போச்சு. மிச்சம் 1978ல தேசியப் பூங்கா ஆச்சு. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். நடு நகரத்துல வெளிமான் திரியுற ஊரு உலகத்துல எத்தனை இருக்கும் சொல்லுங்க?

ஆக, இந்த ஊர்ல மிஞ்சின பச்சையெல்லாம் பெரும்பாலும் யாரோ ஒருத்தர் தன் வசதிக்குக் கட்டின மதிலுக்குள்ள மிஞ்சினது. மரத்துக்காகக் கட்டலை, மானுக்காகக் கட்டலை. ஆனா பிழைச்சது மரமும் மானும். மதிலுக்கு ஒரு குறையும் உண்டு. வெளிய இருக்கிற பசங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாமப் போயிடும்.

கால்

சரி, கடற்கரைக்கு யார் மதில் கட்ட முடியும்?

எலியட்ஸ் பீச்சுல வெள்ளையா ஒரு வளைவு நிக்குமே, காதல் ஜோடிகளோட பேர் கிறுக்கினது, அது கார்ல் ஷ்மிட்ங்கிற டேனிஷ்காரரோட நினைவுச்சின்னம். 1930 டிசம்பர்ல கடல்ல மூழ்கினவங்களைக் காப்பாத்தப் போய் உயிரை விட்டவர். நாங்க அதோட நிழல்ல உக்காந்து மாங்காய் பத்தை தின்னிருக்கோம்.

அந்த மணல்ல வேற ஒரு விருந்தாளி வந்து போவாங்க. ஆங்கிலத்துல ஆலிவ் ரிட்லி. நம்ம மீனவர்கள் வெச்ச பேர் எவ்வளவு அழகு பாருங்க: பங்குனி ஆமை. ஜனவரி தொடங்கி பங்குனி வரைக்கும் ராத்திரி கரையேறி, குழி தோண்டி, நூறுக்கு மேல முட்டையிட்டு மூடிட்டுப் போயிடும். ஏழு வாரம் போல ஆகும், குஞ்சு வெளிய வர. வெளிச்சம் இருக்கிற பக்கம் போறது குஞ்சோட சுபாவம். ஒரு காலத்துல ராத்திரியில வெளிச்சமான பக்கம்னா கடல்தான். இப்போ தெருவிளக்கு. அதனால ரோட்டுப் பக்கம் போய் செத்துடும். முட்டையை மனுஷனும் தோண்டுவான், நாயும் தோண்டும்.

எழுபதுகளின் ஆரம்பத்துல பாம்புப் பண்ணை (1972ல கிண்டியில வந்தது) ரோமுலஸ் விட்டேகரும் அவரைச் சுத்தி இருந்த இளவட்டங்களும் ராத்திரி ராத்திரியா இந்தக் கடற்கரையில நடக்க ஆரம்பிச்சாங்க. முட்டையை எடுத்து வேலி போட்ட இடத்துல பத்திரமாப் புதைச்சு, குஞ்சு வந்ததும் கடல்ல விடுறது. சம்பளம் கிடையாது. அதுல ஒருத்தர் சதீஷ் பாஸ்கர், ஐஐடியில படிச்சுக்கிட்டிருந்தவர். படிப்பை விட்டுட்டு ஆமை பின்னாடி போனார். இந்தியாவோட கடற்கரையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் காலாலயே அளந்தார். 1982ல லட்சத்தீவுல சுஹேலிங்கிற ஆளில்லாத தீவுல மழைக்காலம் பூரா தனியாத் தங்கினார். மனைவிக்கு லெட்டர் எழுதி பாட்டில்ல அடைச்சு கடல்ல போட, அது இலங்கைக் கரையில ஒரு மீனவர் கையில கிடைச்சு, அவர் அதைத் தபால்ல அனுப்பிவெச்சார். கதை இல்லைங்க, நடந்தது. 2023ல காலமானார். அவரைப் பத்தி 2024ல ஒரு ஆவணப்படம் வந்திருக்கு.

1988ல காலேஜ் பசங்க சேர்ந்து ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சு, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவுல ஆமை நடையைத் தொடர்ந்தாங்க. இன்னைக்கு வனத்துறையும் முட்டைப் பொரிப்பிடங்கள் நடத்துது. ஆனா அரசாங்கம் வர்றதுக்கு முன்னாடியே அந்த மணலைத் தெரிஞ்சு வெச்சிருந்தது கூட்டாளிங்களோட சேர்ந்து நடந்த பசங்கதான்.

எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான். இந்த ஊர்ல மதில் இருந்த இடம் பிழைச்சது. மதில் போட முடியாத இடத்துல, நடக்க ஆள் இருந்த இடம் பிழைச்சது. ஏரிக்கும் ஆத்துக்கும் ரெண்டுமே இல்லை. ஒண்ணு போயே போச்சு, இன்னொண்ணு இழுத்துக்கிட்டுக் கிடக்கு.

நடக்க ஆள் இருந்தாலும் வேலை முடிஞ்சதா அர்த்தம் இல்லை. 2025 ஜனவரியில சென்னைக் கடற்கரையில நூத்துக்கணக்கான பங்குனி ஆமைங்க செத்து ஒதுங்குச்சு. ஆமை மூச்சு வாங்க மேல வந்தாகணும். இழுவைப் படகு வலையில மாட்டினா தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டிடும். ஆனா ஒண்ணு. இத்தனை செத்துச்சுன்னு எண்ணிச் சொல்ல கரையில ஆள் இருந்தாங்க. எண்ணினதாலதான் செய்தி ஆச்சு, கேள்வி வந்தது. 1923ல ஏரி போனப்ப எத்தனை கொக்கு, எத்தனை நாரை இடம் பெயர்ந்ததுன்னு எண்ண யார் இருந்தா?

இப்போ நந்தனத்துக்கு அடியில 2018லேர்ந்து மெட்ரோ ரயில் ஓடுது. ஏசியில உக்காந்தா ஆத்தைப் பார்க்காமலே தாண்டிடலாம். பசங்களுக்கு லீவு விட்டா நீச்சல், ரோபோட்டிக்ஸ், அபாகஸ்னு கேம்ப் வெச்சிருக்கோம். தப்புன்னு சொல்லலை. ஒரு நாள் மட்டும் ஒதுக்குங்க. காலையில அஞ்சரைக்குக் கிளம்பினா வெயில் ஏறுறதுக்குள்ள சைதாப்பேட்டைப் பாலத்தையும் ஆத்துமுகத்தையும் பார்த்துட்டு வந்துடலாம். உடைஞ்ச பாலம்னு ஒண்ணு அங்க நிக்குது. 1967ல மீனவர்களுக்காகக் கட்டினது, 1977ல இடிஞ்சது. அங்க நின்னா ஆறு கடல்ல சேர்றது தெரியும். மார்ச், ஏப்ரல்னா பெசன்ட் நகர்ல ஆமைக்குஞ்சு விடுறதையும் பார்க்கலாம். அப்பாவும் அம்மாவும் கொஞ்சம் தள்ளியே நடங்க. பசங்க அவங்க கூட்டாளிங்களோட முன்னாடி போகட்டும்.

தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க. ஆமைக்குஞ்சுக்கிட்ட மட்டும் செல்போன் வெளிச்சம் அடிக்காதீங்க, பாவம், அதைக் கடல்னு நினைச்சுக்கும்.