சாவி கொடுத்தால் பாடும் பெட்டி: பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழரும் கிராமபோனும்

ஒலியைப் பிடித்து வைத்து மறுபடியும் கேட்க முடியும் என்பதை தாமஸ் ஆல்வா எடிசன் 1877ஆம் ஆண்டு நிரூபித்துக் காட்டினார். அவருடைய போனோகிராபில் சுழன்றது உருளை. தட்டையான இசைத்தட்டைக் கொண்டு வந்தவர் எமில் பெர்லினர். 1887ல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் பிரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் முதல் ஒலிப்பதிவுகளைச் செய்தார். அப்போது பாடிய கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே சொல்லி முடிப்பார். பதிவு செய்த மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போய் அச்சாகி வர வேண்டும். பாடியது யார் என்று அங்கே தெரிவதற்குத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். 1908ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. நம் பக்கத்தில் ஏ.வி. மெய்யப்ப செட்டியார், படம் எடுக்க வருவதற்கு முன்பே சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் இசைத்தட்டு வியாபாரத்தில் இறங்கியிருந்தார்.

எல்லை தெரியாத குரல்கள்

இன்று கேரளம் என்று நாம் சொல்லும் இந்தப் பகுதி 1956 நவம்பர் வரை ஒரே ஆட்சியின் கீழ் இருக்கவில்லை. பாலக்காடு மலபார் மாவட்டத்தோடு சென்னை ராஜ்யத்தில் இருந்தது. சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானம். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர். இடுக்கி மாவட்டம் பிறந்ததே 1972ல்தான். ஆனால் கல்பாத்தி அக்ரஹாரத்திலும் மூணாறு எஸ்டேட்டிலும் தமிழ்க் காதுகள் கேட்க விரும்பியது ஒரே பாட்டைத்தான்.

எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்த செங்கோட்டையும் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். 1933ல் 27 வயதில் மறைந்துவிட்டார். பேசும் படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. சென்னை வானொலி நிலையம் தொடங்கியதோ 1938ல். ஆகவே அவருடைய குரல் நமக்கு மிஞ்சியிருப்பது இசைத்தட்டில் மட்டும்தான். பாலக்காட்டு மண்ணின் செம்பை வைத்தியநாத பாகவதருக்கு 1952ல் திடீரென்று குரல் போய், பிறகு மீண்டது எல்லோரும் அறிந்த கதை. அதற்கு முந்தைய வெண்கலக் குரலைக் கேட்கவும் பழைய தட்டுகளைத்தான் தேட வேண்டும். பெட்டியைப் பழுது பார்ப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

மலைப்பகுதியில் சாவிப் பெட்டி வெகுகாலம் நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940ல் ஓட ஆரம்பித்தாலும், லயத்து வீடுகளுக்கு கரண்ட் உடனே வந்துவிடவில்லை. சாவிப் பெட்டிக்கோ கரண்டே வேண்டாம்!

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கைப்பிடியைச் சுற்றினால் டப்பாவுக்குள் இருக்கும் எஃகு ஸ்பிரிங் இறுகும். அது விரியும்போது பல்சக்கரங்கள் வழியாகத் தட்டு சுழலும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது கவர்னர். அதில் மெல்லிய தகடுகளில் பொருத்திய மூன்று ஈயக் குண்டுகள் இருக்கும். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரிந்து, ஒரு வட்டத்தை இழுத்துத் தோல் துண்டின் மேல் உரசச் செய்யும், வேகம் அடங்கும். ஊசியின் அதிர்வை ஒலியாக்குவது சவுண்ட் பாக்ஸில் உள்ள மெல்லிய சவ்வு. பழைய பெட்டிகளில் அது அப்பிரகம், பிந்தியவற்றில் அலுமினியம்.

இனி நோயும் மருந்தும். கைப்பிடி பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றுகிறதா? ஸ்பிரிங் அறுந்திருக்கும், அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கும். பாடும்போது உள்ளே "டொப், டொப்" என்று இடிக்கிறதா? பழைய கிரீஸ் இறுகி, சுருள்கள் ஒட்டி ஒட்டி விடுபடுகின்றன. மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் போட வேண்டும். வேகம் ஏறி இறங்குகிறதா? கவர்னர் தகடு விரிந்திருக்கும், இல்லாவிட்டால் தோல் துண்டு காய்ந்திருக்கும். ஒரு சொட்டு எண்ணெயே போதும். ஒலி கரகரக்கிறதா? சவ்வைச் சுற்றியுள்ள ரப்பர் கல்லாகியிருக்கும். மூணாறு மழையில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தூசி சேரும். இரண்டுக்கும் மூடி வைப்பதுதான் வழி.

ஒரு எச்சரிக்கை. இறுக்கிய ஸ்பிரிங்கோடு டப்பாவைத் திறக்கவே கூடாது. விரல் போகும். முழுதும் ஓடித் தளர்ந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

சுருதியும் சுற்றும்

தட்டின் அடியில் ஒரு காகிதத் துண்டை நீட்டி வைத்து, அரை நிமிடத்தில் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணுங்கள். 39 வந்தால் நிமிடத்துக்கு 78 சுற்று, சரியான வேகம். 83க்குப் போனால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். 2 கட்டையில் பாடியவர் 2½ கட்டையில் பாடியதாகக் கேட்கும். ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் 78ல்தான் பதிவாயின என்றும் சொல்ல முடியாது. "அந்தக் காலத்துக்காரர்கள் எவ்வளவு மேலே பாடினார்கள்!" என்று வியப்பதற்கு முன் பெட்டியின் வேகத்தைச் சரிபார்ப்பது நல்லது.

தட்டு அரக்கும் கல்பொடியும் கலந்து செய்தது. மரச்சாமானுக்கு பாலிஷ் போடும் ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்? அதனால் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் பாட்டும் கரைந்து போகும். ஈரத்துணியால் லேசாகத் துடைத்து உலர்த்தினால் போதும். எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்றியே ஆக வேண்டும். சிக்கனம் பார்த்தால் தேய்ந்த ஊசி தட்டின் வரியைத் தின்றுவிடும். பிற்காலத்து எல்.பி. தட்டுகளை இதில் போடவே வேண்டாம்.

பார்க்க வேண்டிய இடம்

கோட்டயம் மாவட்டம் பிளாசனாலில், இடுக்கி மலையேறும் வாகமண் பாதைக்கு அதிக தூரமில்லாத ஊரில், சன்னி மாத்யூ என்பவரின் கிராமபோன் அருங்காட்சியகம் 2015ல் திறக்கப்பட்டது. வனத்துறைக் கழகத்தில் வேலை பார்த்த ஒருவர் தம் சொந்த முயற்சியில் சேர்த்தது. பளபளக்கும் பித்தளைக் குழாயும் நாய்ப் படமும் ஒட்டிக் கடைகளில் விற்கும் போலிப் பெட்டிகளுக்கும் அசலுக்கும் உள்ள வித்தியாசம் இப்படிப்பட்ட இடங்களில்தான் விளங்கும்.

வெளி மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் ஊருக்குப் போகும்போது வீட்டை விற்கிறோம், பரணைக் காலி செய்கிறோம். அங்கே இசைத்தட்டு கிடைத்தால் படுக்க வைத்து அடுக்காமல், வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள். லேபிளில் உள்ள பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல பெட்டியில் ஒருமுறை ஓட்டிப் பதிவு செய்யுங்கள். கேட்டவுடன் "இது இன்னாருடைய குரல்" என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பெட்டியைப் பாட வைப்போம்.