மலைநாட்டில் முதியோரும் பள்ளிக்கல்வியும்



ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்கு முன், க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் பருவத்தில், எங்கள் பாடசாலையின் அலுவலக அறைக்குத் தாய் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். மாலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு நேரே வந்தவர். கூடைக் கயிறு அழுத்திய தடம் தலைத்துணியிற் கலையாமல் இருந்தது. மகளின் காரியத்தை முடித்துக்கொண்டு எழுந்தவர், வாசற்படியில் நின்று, “என்னைப் போல ஆளுங்களும் இந்தப் பரீட்சை எழுதலாங்களா சேர்?” என்று கேட்டார். நானோ வேலைப் பரபரப்பில், “இந்த வயதில் உங்களுக்கு எதற்கம்மா?” என்று கேட்டுவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வரலாற்றைப் பாடமாகக் கற்று, அதையே பல ஆண்டுகள் கற்பித்தும் வந்த நான் அக்கேள்வியைக் கேட்டிருக்கலாகாது. அந்தத் தாய் ஏன் பதினாறு வயதில் அப்பரீட்சையை எழுதவில்லை என்பதற்கு விடை அவரிடத்தில் இல்லை. இம்மலைநாட்டின் கல்வி வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, இடைநின்ற கல்வியை வளர்ந்தோர் தொடர்வதற்கு இன்றுள்ள வழிகளையும் கூறுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இருபதுகளிலே கோப்பிப் பயிருக்காகத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வரத் தொடங்கினர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பியை இலைநோய் பற்றியது. அதன்பின் தேயிலை மலைமலையாகப் பரவியது. கோப்பிக் காலத்திற் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பிய மக்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலையோடு லயங்களிற் குடும்பமாகத் தங்கினர். குடும்பம் தங்கிய இடத்திற் குழந்தைகளும் இருந்தனர். ஆயினும் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்ற எண்ணம் எளிதில் எழவில்லை. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் முதலிய கிறிஸ்தவ சபைகள் சில தோட்டங்களிற் பள்ளிகளை நடத்தின. வேறு சில தோட்டங்களிற் கங்காணிமாரின் ஆதரவில், எழுத்தறிந்த ஒருவர் மாலை வேளைகளிற் பிள்ளைகளைக் கூட்டி அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். காலையிற் பேர் பதியும் பிரட்டுக்களமே பல இடங்களில் வகுப்பறையாகவும் விளங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் சட்டம் தோட்டத்துப் பிள்ளையைக் கண்ணெடுத்துப் பார்த்தது. 1907ஆம் ஆண்டின் சட்டமும், அதன்பின் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்துரைமாரின் மேல் ஒரு கடமையைச் சுமத்தின. ஆறு வயது முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிக்கவேண்டும் என்பதே அது. இந்தப் ‘பத்து வயது’ என்னும் எல்லையை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் கை கொழுந்துக்கும் புல்வெட்டுக்கும் வேண்டியிருந்தது. ஆகவே, பத்து வயதோடு படிப்பு முடிவதைச் சட்டம் குறையென்று கருதவில்லை. எழுத்துக் கூட்டவும், கணக்குக் கொஞ்சம் போடவும் தெரிந்தால் தொழிலாளிக்குப் போதும் என்பது அக்காலத்து ஆட்சியாளரின் துணிபு.

இந்த நிலையில், வளர்ந்தோரின் அறிவுப் பசியைத் தீர்க்க முன்வந்தவர்கள் அரசாங்கத்தாரல்லர், இயக்கத்தவர்களே. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனிற் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் அவருடைய ஆயுதங்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்துத் திண்ணையில் வாசிக்க, மற்றையோர் சூழ இருந்து கேட்டனர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டாகவே செய்திகளை இசைத்து மக்களிடம் கொண்டுசென்றார். அதே 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையின் கீழ், வேட்பாளருக்கு ஒரு நிறமாக வாக்குப்பெட்டிகள் வைக்கப்பட்டன. எழுத்தறியாதவர் நிறங்கண்டு வாக்களித்தனர். எழுத்தறியாமை உரிமைக்குத் தடையாகாது என்பதை அந்த ஏற்பாடு காட்டியது. எனினும், நிறத்தைப் பார்த்து வாக்களித்த தொழிலாளி, தன் பேருக்கு எதிரே செக்ரோலில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தறிய முடியவில்லை.

1945இல் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்பது இந்நாட்டு மக்களின் வாழ்வையே மாற்றிய பெருஞ் சீர்திருத்தம். தோட்டப் பள்ளிகளோ தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே நின்றன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைத் தன்வசமாக்கிய காலத்திலும் அவை பெரும்பாலும் புறத்தே விடப்பட்டன. ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு என்பதே பொதுவான நிலை. அதற்கு மேற் படிக்க விரும்பிய பிள்ளை ஹட்டனுக்கோ, தலவாக்கலைக்கோ, நுவரெலியாவுக்கோ போகவேண்டும். பஸ் செலவும் சீருடையும் ஒருபுறமிருக்க, தோட்டத்துப் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் மனமும் அங்கே வேண்டியிருந்தது.

இதனோடு மற்றொரு துன்பமும் சேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும், அதன்பின் வந்த தேர்தற் சட்டத்திருத்தத்தாலும், மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடும் வாக்கும் இழந்தனர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இலேயே தீர்மானமாயிற்று. எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்று அறியாத பெற்றோர் பிள்ளையை எந்தப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வர்? பிரசையல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகமும் இல்லை. சான்றிதழ் பெற்றுத்தான் என்ன பயன் என்ற சோர்வு லயங்களிற் குடிகொண்டது. நாடற்றோர் பிரச்சினை 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே முடிவை நெருங்கியது.

எனினும், அந்த இருண்ட காலத்திலும் விளக்கேற்றியவர்கள் இருந்தனர். பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆசிரியராகவும், எழுத்தாளராகவும், 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகவும் உயர்ந்தார். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் பணியாற்றிய இர. சிவலிங்கம், படித்த மலைநாட்டு இளைஞர் ஒரு தலைமுறையையே சமூக நினைவோடு வளர்த்தெடுத்தார். படித்த இளைஞர்கள் தத்தம் தோட்டங்களில் இராப் பள்ளிகளை நடத்தினர். குப்பி விளக்கொளியிலே, பகலெல்லாம் கவ்வாத்து வெட்டிய கைகள் சிலேட்டைப் பிடித்தன. கையொப்பம் இடக் கற்றவர் கைநாட்டு வைப்பதை விட்டார். கையொப்பத்தோடு நில்லாமல் மேலே படித்துத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சைக்குத் தோற்றியவரும் உண்டு.

1970களின் பிற்பகுதியில், குறிப்பாக 1977 முதல், தோட்டப் பள்ளிகள் கட்டங் கட்டமாக அரசாங்கத்தின் கீழ் வந்தன. 1980களிற் சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. சாதாரண தரமும் உயர்தரமும் சித்தியடைந்த மலைநாட்டு இளைஞரே ஆசிரியராக நியமனம் பெற்றனர். தொலைக்கல்வி மூலம் அவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பின்னர் ஜெர்மனிய உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றியது. ஒரு சான்றிதழ் ஒரு குடும்பத்தை லயத்திலிருந்து வெளியே கொண்டுவர வல்லது என்பதை மக்கள் கண்ணாரக் கண்டது அப்பொழுதுதான்.

இப்பொழுது அந்தத் தாயிடம் மீள்வோம். அவர் 1970ஐ ஒட்டிப் பிறந்தவர். ஐந்தாம் வகுப்பை முடித்தபோது, அவருடைய தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு இருக்கவில்லை. பிள்ளைகள் பதினான்கு வயது வரை கட்டாயமாகப் பள்ளியில் இருத்தல் வேண்டும் என்ற விதி 1998இலேதான் நடைமுறைக்கு வந்தது. அது பதினாறு வயதாக உயர்ந்தது 2016இல். அவ்விதிகள் எவையும் அவரைத் தொடவில்லை. இத்தகையோரை நாம் ‘இடைவிலகியோர்’ என்று பதிவேட்டில் எழுதுகிறோம். அவர்கள் விலகவில்லை, நேயர்களே. அவர்கள் நின்ற இடத்துக்கு மேலே படியே கட்டப்படவில்லை.

வளர்ந்தோர்க்கு இரண்டாவது வாய்ப்பளிப்பது உலகுக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், பள்ளியை முடிக்காமற் படையிற் சேர்ந்த அமெரிக்க வீரர்களுக்காக உயர்நிலைப் பள்ளிக்கு ஈடான ஒரு பரீட்சை வகுக்கப்பட்டது. அது பின்னர்ப் பொதுமக்களுக்கும் உரியதாயிற்று. இந்தியாவில் 1979இற் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி, 1989இல் தேசிய நிறுவனமாக வளர்ந்தது. தமிழ்நாட்டிலே தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பை எழுதுவோர் உண்டு. கேரளத்தில் எழுத்தறிவு இயக்கமே பத்தாம் வகுப்புக்கு ஈடான வகுப்புகளை நடத்துகிறது. 2018இல் 96 வயதுக் கார்த்தியாயினி அம்மா அங்கே எழுத்தறிவுப் பரீட்சையில் முதன்மையாகத் தேறியதை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எவரும் விண்ணப்பிக்கலாம்; முதுமை அதற்குத் தடையன்று. தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலை, பாடசாலையை விட்டவர்களுக்கென்றே பாடநூல்களும் வகுப்புகளும் கொண்டது. கல்வி அமைச்சின் முறைசாராக் கல்விப் பிரிவும் உண்டு. ஆறு பாடங்களைத் தாய்மொழியும் கணிதமும் உட்பட முடிக்கவேண்டும் என்பது பொது நியதி. ஆயினும் பல ஆட்சேர்ப்பு விதிகள் இரண்டு அமர்வுகளில் முடிப்பதையும் ஏற்கின்றன. எனவே, முழுச் சுமையையும் ஒரே மூச்சில் ஏற்றவேண்டியதில்லை.

தடைகளையும் மறைக்காமற் சொல்லவேண்டும். முதற்றடை அடையாள அட்டை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் வேறொரு பெயர், வீட்டில் அழைப்பது மூன்றாவது பெயர் என்று வாழ்ந்தவர் எத்தனையோ பேர். பிறப்புப் பதிவே இல்லாதவரும் உளர். இரண்டாவது, நேரம். மலையிலிருந்து இறங்கி, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டபின் பெண்ணொருத்திக்கு எஞ்சும் நேரம் எவ்வளவு? மூன்றாவது கணிதம். கொழுந்தின் நிறையையும் அரைப்பேரையும் மனத்திற் கணக்கிடுபவர், அதே கணக்கு பின்னமாகவும் சமன்பாடாகவும் தாளில் வரும்போது திகைக்கிறார். நான்காவதும் கொடியதுமான தடை, “இந்த வயதில் எதற்கு?” என்னும் கேள்வி. அதைக் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் நான் அவருடைய மகளிடம் சொல்லியனுப்பி அவரை வரவழைத்தேன். பெயர் வேறுபாட்டைத் திருத்தவே ஓராண்டு சென்றது. மற்றும் நால்வரும் சேர்ந்துகொள்ள, ஞாயிறு பிற்பகலில் எங்கள் பாடசாலையில் ஒரு வகுப்பறையைத் திறந்துவைத்தோம். உயர்தரம் முடித்துப் பெறுபேறு காத்திருந்த மாணவர் இருவர் கற்பித்தனர். முதலமர்விற் தமிழ், சைவசமயம், வரலாறு உட்பட ஐந்து பாடங்களில் அவர் தேறினார், கணிதம் தவறியது. இரண்டாம் முறையும் தவறியது. மூன்றாம் முறை தேறினார். ஐவரில் இருவர் இடையிலே நின்றுவிட்டனர் என்பதையும் சொல்லவேண்டும். தேறியதனால் அவருக்கு உத்தியோகம் எதுவும் கிடைக்கவில்லை, இன்றும் கொழுந்தெடுக்கிறார். ஆனால், தோட்டத்துக்கு வரும் கடிதங்களும் படிவங்களும் இப்பொழுது அவருடைய வாசலுக்கு வருகின்றன. அவற்றை வாசித்துப் பொருள் சொல்லி, நிரப்பியும் கொடுக்கிறார்.

நேயர்களே, ஆசிரியப் பெருமக்களே! மாலையிற் பூட்டிக்கிடக்கும் வகுப்பறை மலைநாட்டில் எத்தனையோ உண்டு. வாரத்தில் ஒரு நாள் அதன் கதவைத் திறக்கப் பெருந்திட்டம் எதுவும் வேண்டியதில்லை. படித்த இளைஞர்களே, உங்கள் தந்தையரும் தாயரும் உங்களுக்குப் பஸ் கூலி கொடுத்து அனுப்பியவர்கள். அவர்களோடு இரண்டு மணி நேரம் கணக்குப் போடுங்கள். இவ்வுரையை இஸ்தோப்பில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, உங்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலைக்குப் போய், இந்தப் பரீட்சையை நானும் எழுதலாமா என்று கேளுங்கள். கேட்பதற்கு நாணவேண்டியதில்லை. எதற்கு என்று யாரேனும் வினவினால், 1920ஆம் ஆண்டின் சட்டம் பத்து வயதில் நிறுத்திய படிப்பை இப்பொழுது தொடர வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.