ஓசையிலா இடர்

கரமனை ஆற்றங்கரைத் தெருக்களில் தலைமுறைகளாகத் தமிழ் பேசி வாழும் நாம், பிற மாநிலங்களிற் குடியேறிய நம்மவரை எண்ணுங்கால் கோலார் தங்கவயலை மறத்தல் இயலாது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாகச் சென்று அதில் உழைத்தனர்.

அவர்கள் எதிர்கொண்ட பெரும் இடர்கள் இரண்டு. ஒன்று, பாறை வெடிப்பு. நாளடைவில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அவ்வாழத்தில் மேற்பாரத்தால் நெருக்குண்ட பாறை திடீரென வெடித்துச் சிதறும். அப்போது மேலேயுள்ள ஊரும் அதிரும். எனவே அதிர்ச்சியைப் பதியும் கருவிகளை நிறுவினர். மரமுட்டுகளுக்கு மாற்றாகக் கருங்கற் சுவரும், பின்னர்க் கான்கிரீட்டும் அமைத்தனர். இடர் முற்றும் நீங்கவில்லை. எனினும், அப்படி ஓர் இடர் உண்டென்பதை மறுப்பார் எவருமிலர்.

மற்றையது ஓசையின்றி வந்தது. தங்கம் பொதிந்த வெண்கற் பாறையைத் துளையிடுகையில் எழும் நுண்தூசி கண்ணுக்குப் புலனாகாது. அது நுரையீரலிற் படிந்து, பல ஆண்டுகள் கழித்து அதனை இறுகச் செய்யும். இதுவே சிலிகோசிஸ் நோய். இருமலும் இளைப்பும் காசநோயை ஒத்திருத்தலால் பிரித்தறிதல் கடினம். முற்றிலும் குணமாக்கும் மருந்தும் இல்லை. 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது 3,402 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல்! தொழில் தொடங்கி அறுபது ஆண்டுகள் சென்றபின் எடுத்த கணக்கு இது. பின்னர், 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் இது அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாயிற்று.

இதனால் நாம் அறிவது யாது? இடரை அதன் ஓசை கொண்டு மதிப்பிடலாகாது. எத்துணைப் பேரை, எவ்வளவு காலம் அது தொடுகின்றது என்று அளந்தே மதிப்பிடல் வேண்டும். அளந்தபின், தூசி எழுமிடத்திலேயே நீர் பாய்ச்சி அதனை அடக்குதல் முதற்கடமை. நல்ல காற்றோட்டம் அடுத்தது. காலமுறை மருத்துவச் சோதனையும் வேண்டும். முகமூடி கடைசிக் காவலேயாகும்.

2001 பிப்ரவரி 28-இல் தங்கவயற் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயின், அதே தூசி கல்லுடைக்குமிடங்களிலும், நம் வீட்டுத் தளத்திற்குக் கருங்கல் அறுக்கும் வாசலிலும் இன்றும் எழுகின்றது. அங்கே நீர் பாய்ச்சப்படுகின்றதா என்று கேட்டறிதல், வேலை கொடுக்கும் நம் கடமையன்றோ?