கிளேவியஸ்: வெயிலிலும் நீரைப் பிடித்து வைத்திருக்கும் நிலவின் பெரும் பள்ளம்

நிலவின் தென்பகுதியில் உள்ள கிளேவியஸ் பள்ளத்தைக் காண விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. வளர்பிறை நவமி, தசமி இரவுகளில் சாதாரண பைனாகுலர் வழியாகவே அதைப் பார்த்துவிடலாம். கூர்மையான பார்வை கொண்டவர்கள், நிலவின் ஒளிப்பகுதியும் இருட்பகுதியும் சந்திக்கும் கோட்டில் விழுந்த ஒரு சிறு வெட்டுப்போல வெறுங்கண்ணாலேயே அடையாளம் காண முடியும். நானூறு ஆண்டுகளாகத் தொலைநோக்கிகள் பார்த்துப் பழகிய இந்தப் பள்ளம்தான், சூரிய ஒளி படும் நிலவுத் தரையிலும் நீர் மூலக்கூறுகள் இருப்பதாக 2020-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இடம். அந்த அறிவிப்புக்கு வழிவகுத்த கேள்வியை எழுப்பியது இந்தியாவின் சந்திரயான்-1.

கேரளத்தைவிடப் பெரியது

கிளேவியசின் விட்டம் சுமார் 231 கி.மீ. தில்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் இடைப்பட்ட நேர்தூரத்துக்கு இது ஏறக்குறைய சமம். பரப்பளவில் கணக்கிட்டால் கேரள மாநிலம் முழுவதையும் உள்ளே வைத்த பிறகும் இடம் மிஞ்சும். மகாராஷ்டிரத்தில் விண்கல் மோதியதால் உருவான லோனார் ஏரிப் பள்ளத்தின் விட்டம் 1.8 கி.மீ. மட்டுமே. பூமியை நோக்கிய நிலவின் முகத்தில் கிளேவியசைவிடப் பெரிய பள்ளங்களும் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்றான பெய்லி, நிலவின் விளிம்பை ஒட்டி அமைந்திருப்பதால் எளிதில் பிடிபடாது. தெளிவாகத் தெரியும் பெரும் பள்ளம் என்ற வகையில் கிளேவியசுக்குத் தனி மதிப்பு உண்டு.

நிலவின் தெற்கு அட்சரேகை 58 பாகையில் இது அமைந்துள்ளது. உண்மையில் வட்டமான இப்பள்ளம், பூமியிலிருந்து சாய்வாகப் பார்க்கப்படுவதால் நீள்வட்டமாகத் தோன்றுகிறது. வடக்கு–தெற்கு அகலம் பாதியாகச் சுருங்கிவிட்டது போன்ற தோற்றம் அது.

ஏறத்தாழ 390 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலவின் இளமைக் காலத்தில், பெரும் விண்பாறை ஒன்று மோதியதில் இப்பள்ளம் பிறந்தது. அதன்பின் விழுந்த எண்ணற்ற கற்கள் அதன் மதில்களைத் தேய்த்துவிட்டன. எனவே, வடக்கே சுமார் 450 கி.மீ. தொலைவில் உள்ள டைக்கோ பள்ளத்தின் கூர்மையான விளிம்பைப் போன்ற ஒன்றை இங்கே எதிர்பார்க்க முடியாது. டைக்கோவின் வயது சுமார் 10.8 கோடி ஆண்டுகள். நிலவின் கணக்கில் அது நேற்றுப் பிறந்த குழந்தை.

கிளேவியசின் அழகு அதன் தரையில் இருக்கிறது. தென்கிழக்கு மதில்மேல் அமர்ந்துள்ள ரூதர்ஃபர்ட் என்ற சுமார் 50 கி.மீ. பள்ளத்தில் தொடங்கி, ஒன்றைவிட ஒன்று சிறியதாக ஒரு பள்ள வரிசை வில்லைப்போல வளைந்து செல்கிறது. அவற்றுக்கு கிளேவியஸ் டி, சி, என், ஜே என ஆங்கில எழுத்துகளே பெயர். டி சுமார் 28 கி.மீ., சி சுமார் 21 கி.மீ., அடுத்த இரண்டும் 12, 13 கி.மீ. அளவு கொண்டவை. யாரோ அளவெடுத்து அடுக்கியது போலத் தோன்றும் இந்த வரிசை, புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்கள் நிலவில் முதலில் தேடும் காட்சிகளில் ஒன்று. வடக்கு மதிலை உடைத்துக்கொண்டு போர்ட்டர் என்ற மற்றொரு பள்ளம் அமர்ந்துள்ளது. டைக்கோ போன்ற பள்ளங்களின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் சிகரம் இங்கே இல்லை. சி, என் பள்ளங்களுக்கு இடையே தாழ்ந்த குன்றுகள் சில மட்டும் எஞ்சியுள்ளன.

இப்பள்ளத்தின் நடுவில் நிற்கும் ஒருவருக்குத் தாம் பள்ளத்துக்குள் இருப்பதே தெரியாமல் போகலாம். நிலவு சிறிய கோளம் என்பதால் அதன் தரை விரைவாக வளைந்து இறங்குகிறது. நின்ற நிலையில் ஒரு மனிதருக்குச் சுமார் இரண்டரை கி.மீ. தொலைவிலேயே அடிவானம் முடிந்துவிடும். மையத்திலிருந்து மதில் இருக்கும் 115 கி.மீ. தொலைவுக்குள் தரை 3.8 கி.மீ. அளவுக்குக் கீழே வளைந்துவிடுகிறது. மதிலின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மிக உயர்ந்த முகடுகள் சில மட்டும் தொலைவில் தலைகாட்டக்கூடும்.

மலைகளை நம்பாதவரின் பெயர்

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் 1538-இல் பிறந்த கிறிஸ்டோபர் கிளேவியஸ், ரோம் நகர இயேசு சபைக் கல்லூரியில் பணியாற்றிய கணிதப் பேராசிரியர். இன்று உலகம் பின்பற்றும் கிரிகோரியன் நாட்காட்டியின் கணக்குகளுக்கு விளக்கம் எழுதி, அதற்காக வாதாடியவர். 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 எனத் தாவிய அந்தச் சீர்திருத்தத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

நிலவில் மலைகளும் பள்ளங்களும் இருப்பதாக கலிலியோ 1610-இல் எழுதியபோது, முதிய கிளேவியஸ் அதை முழுமையாக ஏற்கவில்லை. தொலைநோக்கியில் தெரியும் காட்சியை அவர் மறுக்கவும் இல்லை. தரை மேடுபள்ளமாக இருப்பதால் அல்ல, நிலவின் பொருள் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் தளர்ந்தும் இருப்பதால் அப்படித் தெரிகிறது என்பது அவர் கருத்து. ரோம் கல்லூரிக் கணித அறிஞர்கள் 1611-இல் திருச்சபைக்கு அளித்த பதிலிலும் அவருடைய இந்த ஐயம் பதிவாகியுள்ளது. மறு ஆண்டே அவர் மறைந்தார். நிலவின் இடங்களுக்கு 1651-இல் பெயர் சூட்டிய இயேசு சபை வானியலாளர் ரிச்சியோலி, கரடுமுரடான தென்பகுதியின் மிகப் பெரிய பள்ளங்களுள் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார். கிண்டலாக அல்ல, மரியாதையாகவே. ஆனாலும் பொருத்தம் விந்தையானது.

பிற்காலத்தில் இப்பெயரை உலகெங்கும் கொண்டு சேர்த்தது சினிமா. ஸ்டான்லி குப்ரிக் இயக்கத்தில் 1968-இல் வெளியான '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்திலும், இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் எழுதிய அதே பெயருடைய நாவலிலும் அமெரிக்காவின் நிலவுத் தளம் அமைந்திருப்பது கிளேவியசில்தான். நிஜத்தில் இங்கு இதுவரை எந்த விண்கலமும் தரையிறங்கியதில்லை.

சந்திரயான் விட்டுச் சென்ற கேள்வி

அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த கற்களை ஆராய்ந்தபின், நிலவு எலும்புபோல் உலர்ந்தது என்பதே நெடுங்காலம் பாடநூல்களின் முடிவாக இருந்தது. 2008 அக்டோபர் 22-இல் புறப்பட்ட சந்திரயான்-1 அந்த முடிவை அசைத்தது. அதில் பொருத்தப்பட்டிருந்த, நாசா வழங்கிய எம்3 என்னும் கனிம வரைபடக் கருவி, 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் சூரிய ஒளி உறிஞ்சப்படுவதைப் பதிவு செய்தது. அத்தகவல்கள் 2009 செப்டம்பரில் வெளியாயின.

ஆனால் அந்த அலைநீளத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஹைட்ரஜன் அணு இரண்டும் ஆக்சிஜன் அணு ஒன்றும் சேர்ந்த நீரும், ஹைட்ரஜன் ஒன்றே கொண்ட ஹைட்ராக்சிலும் அங்கே ஒரே மாதிரியான அடையாளத்தையே காட்டும். தாகம் தீர்க்கும் நீரா, கனிமத்தோடு பிணைந்த ஹைட்ராக்சிலா என்ற கேள்விக்கு எம்3 தகவலிலிருந்து விடை கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 'நிலவில் தண்ணீர்' என்று அப்போது வந்த தலைப்புகள் பல.

6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இக்குழப்பம் இல்லை. நீர் மூலக்கூறு மட்டுமே அங்கே தன் முத்திரையைப் பதிக்கும். தடை, பூமியின் வளிமண்டலம். காற்றிலுள்ள நீராவி அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் தரையிலிருந்து பார்க்க இயலாது. இதற்குக் கைகொடுத்தது சோஃபியா. போயிங் 747எஸ்பி விமானத்தின் உடற்பகுதியில் கதவு திறந்து, 2.7 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியைப் பொருத்தி, நாசாவும் ஜெர்மன் விண்வெளி மையமும் இணைந்து இயக்கிய பறக்கும் ஆய்வகம் அது. வளிமண்டல நீராவியில் 99 விழுக்காட்டுக்கும் மேலானதைத் தனக்குக் கீழே விட்டு அது பறந்தது.

2018 ஆகஸ்டில் ஓர் இரவு, சோஃபியா முதன்முறையாக நிலவின் பக்கம் திரும்பியது. மங்கலான தொலைதூரப் பொருள்களைக் காண அமைக்கப்பட்ட கருவி அது. கண் கூசும் அளவுக்கு அருகில் உள்ள நிலவைப் பார்த்தால் நம்பத்தக்க தகவல் கிடைக்குமா என்பதே ஐயமாக இருந்ததால், அதை ஒரு வெள்ளோட்டமாகவே நடத்தினர். கிளேவியஸ் பகுதியிலிருந்து 6 மைக்ரோமீட்டர் முத்திரை தெளிவாகக் கிடைத்தது. ஒப்பீட்டுக்காக நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியும் பார்க்கப்பட்டது. கேசி ஹானிபால் தலைமையிலான குழுவின் ஆய்வு 'நேச்சர் அஸ்ட்ரானமி' இதழில் 2020 அக்டோபர் 26-இல் வெளியானது.

அளவைப் பார்த்தால் மிகைப்படுத்த இடமில்லை. பத்து லட்சம் பங்கு மண்ணில் 100 முதல் 412 பங்கு நீர். ஒரு கன மீட்டர் மண்ணில் சுமார் 350 மில்லி லிட்டர், அதாவது ஒரு சிறிய பாட்டில். சகாரா பாலைவன மண்ணில் இதைப்போல நூறு மடங்கு நீர் உண்டு என நாசாவே ஒப்பிட்டுக் காட்டியது. 15 லிட்டர் கொள்ளும் ஒரு குடத்தை நிரப்ப 40 கன மீட்டருக்கு மேல் மண்ணைத் தோண்டிச் சூடாக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் முழுவதும் கைக்கு வருமா என்பது வேறு கேள்வி.

வியப்பு அளவில் இல்லை, இருப்பில்தான். காற்று இல்லாத, பகலில் 100 டிகிரி செல்சியசையும் தாண்டக்கூடிய நிலவுத் தரையில் நீர் தங்கவே கூடாது. அது வெளியில் ஆவியாகிப் போயிருக்க வேண்டும். எனவே, நுண்கற்கள் மோதும் வெப்பத்தில் மண் உருகி உறையும்போது உருவாகும் கண்ணாடி மணிகளுக்குள் நீர் சிறைப்பட்டிருக்கலாம், அல்லது வெயில் படாத மண் துகள்களின் இடுக்குகளில் ஒளிந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். சூரியனிலிருந்து வீசும் ஹைட்ரஜன் துகள்கள் மண்ணிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்வதும், நுண்கற்களே நீரைக் கொண்டுவருவதும் அதன் மூலங்களாகக் கருதப்படுகின்றன. சீனாவின் சாங்கே-5 கொண்டுவந்த மண்ணிலிருந்த கண்ணாடி மணிகளில் நீர் இருப்பது 2023-இல் தெரியவந்தது, முதல் விளக்கத்துக்கு வலுச் சேர்த்தது.

செலவு காரணமாக சோஃபியா 2022 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அதற்குமுன் அது திரட்டிய தகவல்களைக் கொண்டு, கிளேவியசுக்குத் தெற்கே மோரீட்டஸ் பள்ளம் உள்ள பகுதியின் நீர் வரைபடம் 2023-இல் வெளியிடப்பட்டது. மலைகள், பள்ளங்களின் நிழல் விழும் சரிவுகளில் நீர் கூடுதலாக இருப்பதை அது காட்டியது. இஸ்ரோவும் ஜப்பானிய விண்வெளி முகமையும் இணைந்து திட்டமிட்டுள்ள சந்திரயான்-5, நிலவின் தென் துருவப் பகுதியில் நீரைத் தேடும் நோக்கம் கொண்டது. நிலவின் மண்ணில் எவ்வளவு ஆழத்தில், எந்த வடிவில் நீர் உள்ளது என்பதைத் தோண்டிப் பார்த்தால்தான், அங்கே மனிதர் தங்கத் திட்டமிடுவது நடைமுறைக்கு உகந்ததா என்பது தெரியும்.

எப்போது, எப்படிப் பார்ப்பது?

நிலவைப் பார்க்க முழுநிலவு நாளே சிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பள்ளங்களைப் பொறுத்தவரை அதுவே மோசமான நாள். சூரிய ஒளி நேராக விழுவதால் நிழல்கள் மறைந்து, கிளேவியஸ் இருக்கும் இடமே தெரியாமல் போகும். டைக்கோவிலிருந்து பரவும் வெண்கதிர்கள் மட்டும் கண்ணைப் பறிக்கும்.

கிளேவியசில் பொழுது விடிவது, நிலவு பாதியாகத் தெரியும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு நாள் கழித்து. திதிக் கணக்கில் வளர்பிறை நவமியில் ஒளி அதன் கிழக்கு மதிலைத் தொடும்; தசமியில் மேற்கு மதிலைச் சென்றடையும். நிலவின் அந்த அட்சரேகையில் விடியல் மணிக்கு எட்டு கி.மீ. வேகத்திலேயே நகர்கிறது, மெதுவாக ஓடும் மனிதரின் வேகம். பள்ளத்தைக் கடக்க அதற்கு ஒரு நாளுக்கும் சற்று அதிகமாகிறது. ஆகவே ஒரே இரவில் இரண்டு மணி நேர இடைவெளியில் இருமுறை பார்த்தாலே நிழல்கள் மாறியிருப்பதை உணரலாம்.

இதில் மிகவும் விரும்பப்படும் நேரம், பள்ளத்தின் தரை இன்னும் இருளில் இருக்க, சி, டி ஆகிய இரு சிறு பள்ளங்களின் விளிம்புகள் மட்டும் ஒளிபெறும் சிறு பொழுது. இருட்டிலிருந்து இரண்டு கண்கள் விழித்துப் பார்ப்பது போன்ற அத்தோற்றத்தை 'கிளேவியசின் கண்கள்' என்றே நிலவு நோக்குவோர் அழைக்கின்றனர். சில மணி நேரமே நீடிக்கும் என்பதால், இந்தியாவில் இரவாக இருக்கும்போது அது நிகழும் மாதங்கள் குறைவு. வைகறையில் எழுவோர் தேய்பிறை நவமி, தசமியில் இதே பள்ளத்தில் பொழுது சாய்வதையும் காணலாம்.

திசையில் ஒரு குழப்பம் வரும். நிலவின் தென்பகுதி எப்போதும் 'கீழே' இருக்கும் என்று வெளிநாட்டு வரைபடங்கள் காட்டுவது உயர் அட்சரேகை நாடுகளுக்கே பெரிதும் பொருந்தும். தலைக்கு மேலாகவே நிலவு கடந்துசெல்லும் இந்தியாவில், குறிப்பாகத் தென் மாநிலங்களில், நிலவு கிழக்கே இருக்கும்போது அதன் தென்முனை வலப்புறமும், மேற்கே சாயும்போது இடப்புறமும் திரும்பியிருக்கும். ஆடித் தொலைநோக்கிகள் படத்தைத் தலைகீழாகவும் காட்டும். ஆகவே மேல், கீழ் என்று தேடாமல், டைக்கோவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அருகிலுள்ள விளிம்பை நோக்கி நகர்வதே எளிய வழி.

10x50 பைனாகுலரில் கிளேவியஸ் ஒரு நீள்வட்டக் குழியாகத் தெரியும். கையை முக்காலியிலோ சுவரிலோ ஊன்றிக்கொள்வது நல்லது. 70 அல்லது 80 மி.மீ. தொலைநோக்கியில் வில்போன்ற பள்ள வரிசை முழுமையாகப் புலப்படும். 100 மி.மீ.க்கு மேற்பட்ட கருவி உள்ளவர்கள், காற்று அசையாத இரவில், தரையெங்கும் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும் நுண்பள்ளங்களை எண்ணிப் பார்ப்பதுண்டு. எத்தனை எண்ண முடிகிறது என்பது கருவியின் தரத்துக்கும் அன்றைய வானின் தெளிவுக்கும் ஒரு சோதனை. மழை ஓய்ந்து, குளிர்காலத் தூசியும் புகையும் பரவுவதற்கு முந்தைய வாரங்கள் இந்தியாவின் பல பகுதிகளில் இதற்கு ஏற்றவை.